பயாப்ஸியில் 'உறையைத் தாண்டிய மொட்டுகள்' என்று இருக்கிறது. சாதாரணக் கட்டிதானே?

தோடுமடல் கேட்டது:

வணக்கம். வலது காதுக்குக் கீழே, தாடை வளையுற இடத்துல நாலு வருஷமா ஒரு கட்டி. முதல்ல கோலிக்குண்டு அளவு. வலி கிடையாது, அழுத்தினா விரலுக்கடியில நழுவும். கண்ணாடில நேராப் பார்த்தா தெரியாது. பக்கவாட்டுல எடுத்த ஒரு போட்டோவைப் பார்த்துட்டு என் தோழிதான் "என்னடி இது, ஒரு பக்கம் மட்டும் புடைச்சிருக்கு"ன்னு கேட்டா. அதுக்கப்புறம்தான் போய்க் காட்டினேன்.

ஊசி குத்தி எடுத்த எஃப்.என்.ஏ.சி ரிப்போர்ட்ல "மிலன் 4ஏ, ப்ளியோமார்ஃபிக் அடினோமா"ன்னு வந்தது. மூணு வாரத்துக்கு முன்னாடி ஆபரேஷன் முடிஞ்சுது. நேத்து முழு பயாப்ஸி ரிப்போர்ட் கையில கொடுத்தாங்க. எனக்குப் புரிஞ்ச வரைக்கும் தமிழ்ல போடறேன்:

"பரோட்டிட் (காதுக்குக் கீழுள்ள உமிழ்நீர்) சுரப்பியின் மேல்மடல். கட்டி 2.6 × 2.1 × 1.8 செ.மீ. ப்ளியோமார்ஃபிக் அடினோமா. உறையின் தடிமன் இடத்துக்கு இடம் மாறுகிறது, ஒரு பகுதியில் உறை இல்லை. உறையைத் தாண்டி மொட்டு போன்ற நீட்சிகள் உள்ளன. ஆழ விளிம்பு 0.5 மி.மீக்கும் குறைவு. தீய மாற்றம் எதுவும் இல்லை."

கடைசி வரி மட்டும்தான் எனக்கு நிம்மதி. மத்ததெல்லாம் படிக்கப் படிக்க வயித்தைக் கலக்குது. ப்ளியோமார்ஃபிக்னு தேடினா "செல்களின் உருவம் கண்டபடி மாறியிருப்பது புற்றுநோயின் அடையாளம்"னு வருது. சாதாரணக் கட்டின்னா உறைக்குள்ள அடங்கி இருக்கணும் இல்லையா? இது ஏன் வெளியே மொட்டு விடுது? சர்ஜன் "கவலைப்படாதீங்கம்மா, நல்ல கட்டிதான், ஆனா பத்து வருஷமாவது வந்து காட்டிட்டுப் போங்க"ன்னார். நல்ல கட்டிக்கு எதுக்குப் பத்து வருஷம்? அவர்கிட்டயே கேட்டிருக்கலாம், வெளியே கூட்டம், எனக்கும் அந்த நேரத்துல வாய் வரல.

---

நுண்ணோக்கி எழுதியது:

சகோதரி, நான் பேத்தாலஜிஸ்ட். உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளை நிறையவே பார்த்திருக்கிறேன். உங்கள் ஸ்லைடைப் பார்க்காமல் உங்கள் நோயைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் அந்த ரிப்போர்ட்டின் மொழி எனக்குத் தெரியும். ஒவ்வொரு வரியும் எதற்காக எழுதப்பட்டது என்று சொல்கிறேன்.

முதலில் அந்தப் பெயர். இந்தக் கட்டிக்கு இப்படிப் பெயர் வைத்தவர்கள் மேல் எனக்குப் பல வருடக் கோபம் உண்டு. மற்ற ரிப்போர்ட்களில் "ப்ளியோமார்ஃபிசம்" என்று நாங்கள் எழுதினால், செல்லின் கருக்கள் பெரிதும் சிறிதுமாக, கோணலாக இருக்கின்றன என்று அர்த்தம், அது கெட்ட சேதி. இங்கே அந்த அர்த்தமே இல்லை. இங்கே பல உருவம் எடுப்பது திசுவின் அமைப்பு. செல்கள் ஒவ்வொன்றும் பார்க்கப் பரமசாதுவாக, ஒரே மாதிரிக் கருவோடு இருக்கும். பழைய டாக்டர்கள் இதையே "மிக்ஸ்டு ட்யூமர்", கலப்புக் கட்டி என்பார்கள். என்னைக் கேட்டால் அதுதான் பொருத்தமான பெயர்.

என்ன கலப்பு? ஸ்லைடை ஒரு ஓரத்தில் ஆரம்பித்து மெதுவாக நகர்த்திக்கொண்டே போனால், முதலில் சின்னச் சின்னக் குழாய்கள் தெரியும். உள்வரிசையில் ஒரு அடுக்குச் செல்கள், குழாயின் நடுவே இளஞ்சிவப்பாகக் கொஞ்சம் சுரப்பு. அந்தக் குழாய்க்கு வெளிவரிசையில் இன்னொரு வகைச் செல் இருக்கும். அதுதான் மயோஎபிதீலியல் செல், இந்தக் கதையின் நாயகன். நல்ல சுரப்பியில் அது என்ன வேலை செய்கிறது தெரியுமா? உமிழ்நீர் சுரக்கும் முடிச்சைக் கைவிரல்களால் பொத்திப் பிடித்ததுபோல் சுற்றி நின்று, சுருங்கிப் பிழிந்து, உமிழ்நீரைக் குழாய்க்குள் தள்ளிவிடுகிறது. பாதி தோல்செல், பாதி தசைசெல் என்று சொல்லலாம்.

இந்தக் கட்டியில் அது அந்த வேலையை விட்டுவிடும். குழாயின் வெளிவரிசையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று, கொழகொழவென்ற நீலச்சாம்பல் நிறப் பொருள் ஒன்றைத் தானே சுரந்து, அதற்குள்ளேயே மிதந்து போகும். எந்த இடத்தில் குழாய் முடிகிறது, எங்கே அந்தக் கொழகொழப்பு தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. தண்ணீரில் விட்ட மைச்சொட்டின் ஓரம் மாதிரி கரைந்திருக்கும். இன்னும் கொஞ்சம் ஸ்லைடைத் தள்ளினால் அதே செல்கள் சின்னச் சின்னக் குழிகளில் உட்கார்ந்துகொண்டு குருத்தெலும்பைச் செய்துகொண்டிருக்கும்! காதுக்குக் கீழே உமிழ்நீர்ச் சுரப்பி, அதற்குள் குருத்தெலும்பு. சில கட்டிகளில் நிஜ எலும்பும் இருக்கும். முதல்முறை பார்க்கும் மாணவர்கள் ஸ்லைடு மாறிப்போய்விட்டது என்றே நினைப்பார்கள்.

உங்கள் எஃப்.என்.ஏ.சி அவ்வளவு நிச்சயமாகச் சொன்னதும் இதனால்தான். ஊசியில் வந்ததை ஜீம்சா சாயத்தில் போட்டால் அந்தக் கொழகொழப் பொருள் பளீரென்ற ஊதாச்சிவப்பில், பிரிந்த நூல்கண்டு போலத் தெரியும். நூல்களுக்குள் செல்கள் புதைந்து கிடக்கும். "மிலன்" என்பது ஊசிப் பரிசோதனை ரிப்போர்ட்டை உலகம் முழுக்க ஒரே மாதிரி எழுத 2018இல் வந்த முறை. அதில் 4ஏ என்றால் சாதாரணக் கட்டி. 4பி என்று இருந்திருந்தால் "கட்டி என்பது உறுதி, நல்லதா கெட்டதா என்று ஊசியை வைத்துச் சொல்ல முடியவில்லை" என்று பொருள்.

இனி உறை. உங்கள் கேள்வியின் மையம் இதுதான், நீங்கள் கேட்டது சரியான கேள்வி. "உறை" என்றதும் எல்லோரும் ஏதோ பை மாதிரி நினைத்துக்கொள்கிறோம். இந்தக் கட்டியின் உறை அப்படி இல்லை. கட்டி வளர வளரச் சுற்றியுள்ள திசு நசுங்கி, நார்த்திசுவாக இறுகி உருவானது அது. ஒரு பக்கம் தடியாக இருக்கும், இன்னொரு பக்கம் காகிதம் போல, அடுத்த இடத்தில் ஒன்றுமே இருக்காது. முக்கியமாக, குருத்தெலும்பும் கொழகொழப்பும் அதிகமாக இருக்கும் பக்கத்தில் உறை மெலிந்துபோகும். அந்த இடங்களில் கட்டி விரல் நுனி மாதிரி வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். உங்கள் ரிப்போர்ட் சொல்லும் மொட்டு அதுதான். சில சமயம் மொட்டு மட்டும் தனி உருண்டையாக உறைக்கு வெளியே இருக்கும். ஸ்லைடில் பக்கத்துக் கோள் போலத் தெரிந்தாலும், அடுத்தடுத்து வெட்டிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு காம்பு தாய்க்கட்டியோடு சேர்ந்திருக்கும்.

இது படையெடுப்பு இல்லை. புற்றுநோய் சுற்றியுள்ள திசுவைக் கிழித்துக்கொண்டு நுழையும், நரம்பைச் சுற்றி ஊர்ந்து போகும். இது அந்தத் திசுவை ஓரமாகத் தள்ளிவிட்டு நிற்கிறது. இந்தக் கட்டியில் மொட்டு இருப்பது அதன் வழக்கமான குணம், தீமையின் அடையாளமாக நாங்கள் அதை எண்ணுவதில்லை. ஆனால் சர்ஜனுக்கு அது பெரிய செய்தி. உறையைப் பையென்று நம்பிக் கட்டியை மட்டும் தோண்டி எடுத்தால், மொட்டுகள் பின்னால் தங்கிவிடும். அதனால்தான் உங்களுக்குச் சுற்றியுள்ள நல்ல சுரப்பியையும் சேர்த்து, மேல்மடலாக எடுத்திருக்கிறார்கள்.

---

மெழுகுபிளாக் எழுதியது:

டாக்டர் ஸ்லைடுல பார்த்ததைச் சொல்லிட்டார். நான் லேப்ல டெக்னீசியன், அதுக்கு முந்தின கட்டத்தைச் சொல்றேன் அக்கா. உங்க விளிம்பு 0.5 மி.மீன்னு எப்படி அளந்தாங்கன்னு தெரிஞ்சா பயம் கொஞ்சம் குறையும்.

ஃபார்மலின்ல இருந்து சுரப்பியை எடுத்ததும் முதல் வேலை மை பூசறது. வெளிப்புறம் முழுக்க, மடிப்பு விடாம. அது காய்ஞ்சப்புறம்தான் கத்தி. நாளைக்கு ஸ்லைடுல எங்க மை தெரியுதோ அதுதான் சர்ஜன் வெட்டின எல்லை. மைக்கும் கட்டிக்கும் நடுவுல இருக்கிற தூரம்தான் உங்க ரிப்போர்ட்ல வந்த அந்த நம்பர்.

ப்ளியோமார்ஃபிக்கை வெட்டும்போதே தெரிஞ்சிடும். வெட்டுமுகம் தந்த வெள்ளை. நடுவுல அங்கங்க நீலம் பாய்ஞ்ச, ஈரக் கண்ணாடி மாதிரி மினுங்கற திட்டு, அது குருத்தெலும்பு. கத்தி அந்த இடத்துல போகும்போது 'கருக்'னு ஒரு சின்னத் தடை கைக்குத் தெரியும். அடுத்த அரை சென்டிமீட்டர்ல வழவழன்னு கத்தியிலேயே ஒட்டிக்கிட்டு வரும். ஒரே கட்டிக்குள்ள ரெண்டும். ஒருமுறை சின்னப் பையன் ஒருத்தன் புதுசா வேலைக்குச் சேர்ந்து, அந்த வழவழப்பைத் துடைச்சு எறியப் போனான். திட்டு வாங்கினான். அதுதான்டா கட்டியே!

இதே சுரப்பில வர்ற இன்னொரு வகை நல்ல கட்டி வார்த்தின், அது இதுக்கு நேரெதிர். கத்தி பட்டதும் பழைய இன்ஜின் ஆயில் மாதிரி பழுப்புத் தண்ணி வழியும். கவுன் பாழ்.

உங்களுக்கு ஆழ விளிம்புதான் ஒட்டி இருக்குன்னு போட்டிருக்கு. பரோட்டிட்ல பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் அப்படி வரும், ஏன்னா அங்கதான் முகநரம்பு ஓடுது. அதை டாக்டரே சொல்லட்டும்.

---

மூன்றாம்முறை எழுதியது:

டாக்டர் சொன்ன "தோண்டி எடுத்தால்" என்ற வார்த்தைக்கு நான்தான் நடமாடும் சாட்சி. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு இடது பக்கம். இருபத்திரண்டு வயதில் ஒரு இடத்தில் அரைமணி நேரத்தில் கட்டியை எடுத்துவிட்டார்கள். மேலே சின்னக் கீறல், கட்டி அப்படியே உருண்டையாக வந்ததாம். "பாருங்க, முழுசா வந்துடுச்சு" என்று பாட்டிலில் காட்டினார்கள். எனக்கும் பெருமைதான். பதினான்கு வருடம் ஒன்றுமில்லை. ஒருநாள் சவரம் செய்யும்போது பழைய தழும்புக்குப் பக்கத்தில் மிளகு மாதிரி இரண்டு தட்டுப்பட்டது. பரு என்று விட்டுவிட்டேன். ஒரு வருடத்தில் ஐந்து.

ஸ்கேனில் பதினொன்று எண்ணினார்கள். தழும்புக்குள், கொழுப்புக்குள், கழுத்துத் தசையின் மேல் ஒன்று. பயாப்ஸியில் எல்லாமே அதே சாதாரணக் கட்டிதான், ஒரு செல்கூடக் கெட்டுப்போகவில்லை. ஆனால் அந்தப் பதினொன்றையும் தழும்புக்குள் சிக்கிய முகநரம்பிலிருந்து பிரிக்க ஆறுமணி நேரம் ஆனது. நாலு மாதம் என் உதட்டின் ஓரம் இறங்கியே இருந்தது. மூன்றாவது முறையும் போனேன், பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும்.

தங்கச்சி, நல்ல கட்டி என்ற சொல்லை நான் இருபத்திரண்டு வயதில் "முடிந்தது" என்று புரிந்துகொண்டேன். யாரும் மறுபடி வரச் சொல்லவும் இல்லை. உங்கள் சர்ஜன் பத்து வருஷம் வா என்கிறார் என்றால், அவரை எனக்குப் பிடித்திருக்கிறது.

---

தோடுமடல்:

அண்ணா, படிச்சுட்டு ராத்திரி தூங்கல. திட்டாதீங்க, எழுதினதுக்கு நன்றிதான்.

டாக்டர், ரெண்டு கேள்வி. எனக்கு அரை மி.மீ கூட இல்லையே, அப்போ மொட்டு உள்ள தங்கிடுச்சா? இது பின்னாடி கேன்சரா மாறுமா?

---

நுண்ணோக்கி:

மூன்றாம்முறை எழுதியதில் ஒரு வரியைக் கவனியுங்கள்: கட்டி "அப்படியே உருண்டையாக" வந்தது. சுரப்பித் திசு எதுவும் ஒட்டாமல் உருண்டையாக வந்தது என்றால் உறையின் மேலேயே பிரித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படித் தோண்டி எடுத்த காலத்தில் திரும்ப வந்தவை 20 முதல் 45 சதவீதம் வரை என்று எங்கள் பாடநூல்களில் இருக்கும். மேல்மடலோடு எடுக்கும் பழக்கம் வந்தபின் அது 5 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. கட்டி மாறவில்லை, எடுக்கும் விதம்தான் மாறியது.

உங்கள் அரை மில்லிமீட்டர்: முகநரம்பு பரோட்டிட்டுக்கு உள்ளேயே ஐந்து கிளையாகப் பிரிந்து ஓடுகிறது. கட்டி அதை ஒட்டியிருந்தால், அந்த ஒரு பக்கத்தில் நல்ல திசுவைச் சேர்த்து எடுக்க இடமே கிடையாது. ஒரு சாதாரணக் கட்டிக்காக யாரும் முகநரம்பை வெட்டமாட்டார்கள், வெட்டவும் கூடாது. அதனால் அந்த இடத்தில் விளிம்பு மெலிந்துதான் வரும். விளிம்பு மெலிந்திருப்பதும் மையைக் கட்டி தொடுவதும் ஒன்றல்ல. இவை இரண்டையும் விடப் பெரிய கேள்வி, ஆபரேஷனில் கட்டி உடைந்ததா என்பது. அந்தக் கொழகொழப்பு சிந்தினால் அதில் மிதக்கும் செல்கள் போய் ஒட்டும் இடமெல்லாம் ஒரு விதை. மூன்றாம்முறையின் பதினொன்று அப்படித்தான் பல இடத்தில் முளைத்திருக்கும். இதை ரிப்போர்ட் மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆபரேஷன் குறிப்பில் இருக்கும். சர்ஜனிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உறை உடைந்ததா?"

பத்து வருடம் ஏன் என்றால், இது அவசரமே இல்லாத கட்டி. திரும்ப வந்தாலும் ஏழு, பத்து வருடம் கழித்துத்தான் பெரும்பாலும் தலைகாட்டும். இரண்டு வருடம் பார்த்துவிட்டு நிறுத்தினால் பார்த்ததற்கே பலன் இல்லை.

புற்றுநோய்: மாறக்கூடிய கட்டிதான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அது உள்ளேயே வருடக்கணக்கில் இருக்கும் கட்டியின் கதை. முதல் ஐந்து வருடத்தில் சுமார் 1.5 சதவீதம், 15 வருடத்துக்கு மேல் விட்டுவைத்தால் 9.5 சதவீதம் வரை என்று வழக்கமாகச் சொல்லும் கணக்கு. உங்களுடையது இப்போது உடம்பில் இல்லை. பல வருடம் சும்மா கிடந்த கட்டி திடீரென்று வேகமாகப் பெருத்தால், வலித்தால், முகம் ஒரு பக்கம் இழுத்தால் அதுதான் எச்சரிக்கை. உங்களுக்கு அது எதுவும் இருக்கவில்லை. "தீய மாற்றம் இல்லை" என்று எழுதுமுன் நாங்கள் தேடுவது இதெல்லாம்: கண்ணாடிபோல் இறுகிய பெரிய தழும்புத்திட்டு, செத்த திசு, அளவுக்கு மீறிய செல்பிரிவு, கோணல் கருக்கள், உறையைக் கிழித்துப் போகும் செல்கூட்டம். மெழுகுபிளாக் போன்றவர்கள் பல இடத்திலிருந்து துண்டு எடுத்துக் கொடுத்தால்தான் அது முடியும். ஒரே துண்டு கொடுத்துவிட்டு 'ரிப்போர்ட் எப்போ' என்று கேட்பவர்களும் உண்டு, அது வேறு வழக்கு.

---

வாசல்படி எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். அப்பாவுக்கு 66 வயது. இரண்டு காதுக்குக் கீழேயும் கட்டி. ரிப்போர்ட்டில் வார்த்தின் என்று இருக்கிறது. இரண்டு பக்கமும் வந்தால் பரவிவிட்டது என்று தானே அர்த்தம்? அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை. அவரும் இத்தனை வருடம் சிகரெட்டை விடவில்லை.

---

நுண்ணோக்கி:

பரவவில்லை, அப்பாவிடம் இன்றே சொல்லுங்கள். வார்த்தின் கட்டி இரு பக்கமும் வருவது சகஜம், பத்தில் ஒருவருக்கு அப்படி இருக்கும். ஒரே சுரப்பியில் இரண்டு மூன்று இடத்திலும் முளைக்கும். புகைபிடிப்பவர்களுக்கு மற்றவர்களைவிடச் சுமார் எட்டு மடங்கு அதிகம். ப்ளியோமார்ஃபிக்குக்கு அடுத்தபடி அதிகம் காணப்படும் நல்ல கட்டி இது, ஏறக்குறைய எல்லாமே பரோட்டிட்டின் வால்பகுதியில். ஆல்ட்ரெட் ஸ்காட் வார்த்தின் 1929இல் எழுதியதால் அவர் பெயர் நிலைத்தது.

ஏன் பரோட்டிட்டில் மட்டும் என்றால், கருவில் இந்தச் சுரப்பி தாமதமாகத்தான் தன் எல்லையை மூடுகிறது. அதற்குள் நிணநீர் முடிச்சுகள் உள்ளே மாட்டிக்கொள்கின்றன. ஸ்லைடில் அந்த நிணநீர்த் திசு அப்படியே இருக்கும், அதன்மேல் இரண்டே வரிசையில், மைட்டோகாண்ட்ரியா நிரம்பி ரோஜாநிறத்தில் கொழுத்த செல்கள் வரிசைகட்டி நிற்கும். இவ்வளவு ஒழுங்கான அழகு வேறு கட்டியில் எனக்குத் தெரிந்து இல்லை. புற்றாக மாறுவது மிக மிக அரிது. அப்பாவின் வயதையும் உடம்பையும் பார்த்து, எடுக்காமலே கவனித்து வரலாம் என்றுகூடச் சர்ஜன் சொல்லலாம்.

ஒரு எச்சரிக்கை. புற்றுநோயைத் தேட எடுக்கும் பெட் ஸ்கேனில் இது பளிச்சென்று எரியும். வேறு எதற்காவது ஸ்கேன் எடுத்து, இதைப் பார்த்துப் பயந்து ஓடி வந்தவர்கள் நிறைய. இன்னொன்று, ஊசி குத்தியபின் சில வார்த்தின் கட்டிகள் உள்ளுக்குள் ரத்தமிழந்து செத்துப்போய், மீதிச் செல்கள் தோல்செல் போல உருமாறும். அதைப் பார்த்துப் புற்று என்று ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். என் சீனியர் ஸ்லைடை வாங்கி ஓரத்தைக் காட்டி, "இந்த ரோஜாவரிசையைப் பார்த்தியா, அப்புறம் என்ன?" என்று கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

---

தோடுமடல்:

இன்னிக்குப் போயிட்டு வந்தேன். அந்த ஒரே கேள்வியைக் கேட்டேன். சர்ஜன் முகத்துல ஆச்சரியம். யார் சொல்லிக் கொடுத்தாங்கன்னு கேட்டார், சொல்லல. கோப்பை எடுத்து ஆபரேஷன் குறிப்பைப் படிச்சே காட்டினார்: உறை உடையல, சிந்தல, முகநரம்போட கீழ்க்கிளை கட்டியை ஒட்டி ஓடினதால அதைப் பிரிச்சு எடுத்திருக்காங்க. அந்தப் பக்கம்தான் 0.5.

வருஷத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கார். போன்ல பத்து வருஷத்துக்கும் நினைவூட்டல் போட்டுட்டேன், என் பொண்ணு சிரிக்கிறா.

காது மடல் மட்டும் இன்னும் மரத்துதான் இருக்கு. தோடு போட்டா திருகாணி மாட்டிச்சா இல்லையான்னே தெரியல, கண்ணாடி பார்த்துத்தான் மாட்டறேன். அதுக்கு நரம்பு வேறயாம். அதைத் தனி இழையில கேக்கறேன்.

---

மெழுகுபிளாக்:

கேளுங்க அக்கா. உங்க திசுவை மெழுகுல பதிச்சு வெச்சிருக்கிற பிளாக்கைப் பத்தி ஒண்ணு: எந்த லேப்ல இருக்கோ அந்த நம்பரைக் குறிச்சு வெச்சுக்கோங்க. பத்து வருஷம் கழிச்சு யாராவது பழைய ஸ்லைடைக் கேட்டா, மெழுகு அப்படியேதான் இருக்கும், நம்பர்தான் தொலைஞ்சு போகும்.